பேஸ்பால் சிமுலேஷன்ல கேம் லாக்கை எப்படி படிக்கிறது? ஒரு இன்னிங்ஸ் போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க

டக்அவுட்தம்பி:

வணக்கம் மக்களே. அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்ங்கற கம்ப்யூட்டர் கேம் விளையாட ஆரம்பிச்சிருக்கேன், பிட்ஸ்பர்க் டீமை எடுத்து மேனேஜர் வேலை, ஜிஎம் (ஆளை எடுக்கறது விக்கறது பாக்கற ஜெனரல் மேனேஜர்) வேலை ரெண்டையும் நானே பாத்துக்கறேன். ஆட்டத்தை பந்து பந்தா உக்காந்து பாக்கறதில்ல, ஒவ்வொரு நாளா ஓட்டிவிட்டுட்டு அப்புறம் பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தோட சுருக்க ஸ்கோர்கார்டு) திறந்து பாக்கறேன். கிரிக்கெட் பாத்து வளந்ததால பாக்ஸ் ஸ்கோர் சீக்கிரம் பிடிபட்டுருச்சு. அதுக்குப் பக்கத்துலயே, நடந்ததை பந்து பந்தா எழுதி வச்சிருக்கற கேம் லாக் மட்டும்தான் புரியல. ஏதோ நம்பர், ஏதோ எழுத்து, 6எம்ங்கறான் 78டிங்கறான், எதை கவனிக்கணும் எதை விட்டுறலாம்னே தெரியல.

நேத்து ஓட்டுன ஆட்டத்துல ஆறாவது இன்னிங்ஸை கீழ போடறேன். அது வரைக்கும் 2-1னு நான்தான் முன்னாடி. என் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தை தொடங்கற பிட்சர்) வலது கை, ரேட்டிங்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஒரே இன்னிங்ஸ்ல 3 ரன் குடுத்துட்டான். இன்னிங்ஸ் ஆரம்பிக்கறப்ப 88 பந்து போட்டிருந்தான், 20 பேட்டரை பாத்திருந்தான். பேரெல்லாம் எடுத்துட்டு தமிழ்ல தட்டியிருக்கேன்.

1வது ஆளு. 0-0: பால். 1-0: பால். 2-0: கால்டு ஸ்ட்ரைக். 2-1: பால். 3-1: பால், வாக்.
2வது ஆளு. 0-0: ஃபவுல். 0-1: சிங்கிள் (கிரவுண்ட்பால், 56). ரன்னர் செகண்டுக்கு.
3வது ஆளு. 0-0: கால்டு ஸ்ட்ரைக். 0-1: பால். 1-1: ஃபவுல். 1-2: ஸ்விங்கிங் ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக் அவுட்.
4வது ஆளு. 0-0: பால். 1-0: ஃபீல்டர்ஸ் சாய்ஸ் 6-4 (கிரவுண்ட்பால், 6எம்). செகண்ட்ல அவுட், பேட்டர் ஃபர்ஸ்ட்ல சேஃப், இன்னொரு ரன்னர் தேர்டுக்கு.
5வது ஆளு. 0-0: பால். 1-0: பால். 2-0: பால். 3-0: கால்டு ஸ்ட்ரைக். 3-1: டபுள் (லைன் டிரைவ், 78டி, 104 மைல்). ரெண்டு பேர் ஸ்கோர்.
6வது ஆளு. 0-0: சிங்கிள் (ஃப்ளைபால், 8எஸ், 68 மைல்). ரன்னர் ஸ்கோர்.
7வது ஆளு. 0-0: பால். 1-0: ஃப்ளை அவுட், எஃப்9 (ஃப்ளைபால், 9டி).

ரெண்டு கேள்வி. இந்த கோடெல்லாம் என்ன? இதைப் படிச்சு நான் என்ன முடிவுக்கு வரணும், இந்த பிட்சரை புல்பென்னுக்கு (நடுவுல மாத்தி இறக்கற பிட்சர்கள் கூட்டம்) அனுப்பிடலாமா?


நைட்கேம்:

தம்பி நல்ல இன்னிங்ஸா எடுத்து போட்டிருக்கீங்க, லாக் படிக்கக் கத்துக்க இதுல எல்லாமே இருக்கு. பிட்சரை இப்போதைக்கு தொடாதீங்க, ஏன்னு சொல்றேன்.

முதல்ல கோடு. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி இருக்கற 0-0, 2-1 எல்லாம் அந்த பந்து போடறதுக்கு முன்னாடி இருந்த கவுண்ட், பால் முதல்ல ஸ்ட்ரைக் அப்புறம். நாலு பால் ஆனா வாக், பேட்டர் சும்மாவே ஃபர்ஸ்டுக்கு போவான், மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட். அதனால "3-1: டபுள்"னா மூணு பால் ஒரு ஸ்ட்ரைக் இருக்கறப்ப போட்ட பந்துல டபுள், அதாவது பேட்டர் செகண்ட் பேஸ் வரைக்கும் போன ஹிட்னு அர்த்தம். இது மனசுல பதிஞ்சுட்டா பாதி லாக் தானா புரியும்.

அப்புறம் 1லருந்து 9 வரைக்கும் ஃபீல்டிங் நம்பர். பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்டு பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, லெஃப்ட் 7, சென்டர் 8, ரைட் 9. சட்டைல இருக்கற நம்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. 6-3ன்னா ஷார்ட்ஸ்டாப் எடுத்து ஃபர்ஸ்டுக்கு எறிஞ்சான். 6-4-3ன்னா ஷார்ட், செகண்ட், ஃபர்ஸ்ட்னு போன டபுள் ப்ளே. எஃப்9ன்னா ரைட் ஃபீல்டர் புடிச்ச ஃப்ளை. ஈ6ன்னா ஷார்ட்ஸ்டாப் பண்ண எரர்.

அடைப்புக்குள்ள இருக்கறது பந்து எங்க போச்சுங்கறது, இதுக்கும் அதே நம்பர்தான். 78ன்னா லெஃப்டுக்கும் சென்டருக்கும் நடுவுல. 56ன்னா தேர்டு பேஸ்மேனுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவுல இருக்கற ஓட்டை. 34ம் அதே மாதிரி இந்தப் பக்கம். எம் வந்தா செகண்ட் பேஸ் பக்கமா, நடுவுல. 6எம் ஷார்ட்ஸ்டாப் இருக்கற பாதி, 4எம் செகண்ட் பேஸ்மேன் இருக்கற பாதி. எஸ்னா கிட்டக்க விழுந்தது, டின்னா தூரமா, எக்ஸ்டின்னா இன்னும் தூரம், வேலியை ஒட்டி. எல் வந்தா கோட்டுப் பக்கம், எஃப் வந்தா ஃபவுல் ஏரியா. இடது வலதெல்லாம் பேட்டர் நிக்கற இடத்துலருந்து பாக்கறது, வலது கை ஆளு இழுத்து அடிச்சா 7 பக்கம் போகும்.

மைல் கணக்கு பந்து மட்டையை விட்டு கிளம்புன வேகம். நிஜ எம்எல்பில (அமெரிக்காவோட பெரிய லீக்) 2015லருந்து எல்லா மைதானத்துலயும் ஸ்டாட்காஸ்ட்ங்கற அளக்கற சிஸ்டம் வச்சு இதை அளக்கறாங்க, 95 மைலும் அதுக்கு மேலயும் போனா நல்லா அடிபட்ட பந்துன்னு கணக்கு. உங்க லாக்ல 104 வந்திருக்கு, கிட்டத்தட்ட 167 கிலோமீட்டர் வேகம்.

இப்ப இன்னிங்ஸுக்கு வருவோம். நான் படிக்கறப்ப முதல்ல முடிவை பாக்க மாட்டேன், கவுண்ட்டை மட்டும் மேலருந்து கீழ ஒரு தடவை ஓட்டுவேன். இங்க மொத்தம் 21 பந்து, அதுல 10 பால். ஏழு பேர்ல நாலு பேருக்கு முதல் பந்தே பால். 3-0, 3-1னு ரெண்டு பேர்கிட்ட மாட்டிக்கிட்டான், ஒருத்தனுக்கு வாக், இன்னொருத்தன் டபுள். ஸ்ட்ரைக் போட்டே ஆகணும்னு இருக்கற இடத்துல நடுவுல வந்து விழுந்த பந்தைத்தான் அவன் 104ல வெளுத்துட்டான். இந்த ஒரு அடிக்கு பிட்சர்தான் பொறுப்பு, அதுல சந்தேகமில்ல. ஆனா அவன் 88 பந்து ஏற்கனவே போட்டவன், எதிர் டீமோட ஒன்பது பேர் லைனப் மூணாவது சுத்து வந்துருச்சு, 20 பேர் முடிஞ்சு 21வது ஆள்லருந்து 27வது ஆள் வரைக்கும் இந்த ஒரு இன்னிங்ஸ்லயே பாத்திருக்கான். அந்த நிலைமைல முதல் ஆளுக்கே வாக் குடுத்ததுமே புல்பென்ல ஒருத்தன் கை சூடு பண்ண ஆரம்பிச்சிருக்கணும். அது பிட்சரோட குறை இல்ல, அவனை அங்க விட்டுவச்ச செட்டிங்கோட குறை.

ரெண்டாவது ஆளோட சிங்கிள் 56ல உருண்டு போன கிரவுண்ட்பால். ஒரு சில ஷார்ட்ஸ்டாப் அதை எடுப்பான், பல பேர் எடுக்க மாட்டான். பிட்சர் தன்னோட வேலையை பண்ணிட்டான், பந்தை தரையோட தரையா அடிக்க வச்சான்.

மூணாவது ஆளு ஸ்ட்ரைக் அவுட், ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

நாலாவது ஆளோட வரியை மறுபடி படிங்க, இந்த இன்னிங்ஸே அங்கதான் இருக்கு. ஃபர்ஸ்ட்லயும் செகண்ட்லயும் ஆளு, ஒரு அவுட், 6எம்ல கிரவுண்ட்பால். ஷார்ட்ஸ்டாப் பேஸுக்கு பக்கத்துலயே எடுத்து செகண்ட் பேஸ்மேன்கிட்ட குடுத்தான், ஒரு அவுட் கிடைச்சுது, ஃபர்ஸ்டுக்கு எறிஞ்சு ரெண்டாவது அவுட் எடுக்கல. எடுத்திருந்தா மூணு அவுட் ஆகி இன்னிங்ஸ் முடிஞ்சுது, 2-1 அப்படியே நிக்குது, நீங்க இந்த கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க. பாக்ஸ் ஸ்கோர்ல இது எங்கயும் தெரியாது. எரர் இல்ல, ஏன்னா பந்து கைல சுத்தமா இருக்கறப்ப டபுள் ப்ளே முடியலங்கறதுக்காக ஸ்கோரர் எரர் போட மாட்டார், டபுள் ப்ளேயை நிச்சயமா கிடைச்சிருக்கும்னு எடுத்துக்கக் கூடாதுங்கறது ஸ்கோரிங் வழக்கம். அதனால 3 ரன்னும் ஏர்ண்டு ரன்னா (எரர் இல்லாம வந்த ரன்) பிட்சர் கணக்குல ஏறிடுச்சு. அவன் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த ஏர்ண்டு ரன்) ஏறுது, செகண்ட் பேஸ்மேன் பேர்ல ஒரு கறை கூட இல்ல.

ஆறாவது ஆளோட சிங்கிள் 8எஸ், 68 மைல். சென்டர் ஃபீல்டருக்கு முன்னாடி பொத்துனு விழுந்த பந்து. அதுக்கு யாரையும் திட்ட முடியாது.

அதனால நீங்க போய் பாக்க வேண்டியது செகண்ட் பேஸ்மேனோட ஃபீல்டிங் ரேட்டிங்ஸ். ரேஞ்ச், எரர், ஆர்ம் இதுக்கெல்லாம் பக்கத்துல டபுள் ப்ளே முடிக்கறதுக்குன்னே தனியா ஒரு ரேட்டிங் இருக்கும். அடுத்தது ஸ்ட்ராடஜி பக்கத்துல ஸ்டார்ட்டரை எப்ப வெளிய எடுக்கறதுங்கற செட்டிங்.


டக்அவுட்தம்பி:

அண்ணா ரொம்ப நன்றி, நாலாவது வரில இவ்வளவு இருக்கும்னு நினைக்கவே இல்ல. போய் பாத்தேன், செகண்ட் பேஸ்மேனுக்கு டபுள் ப்ளே ரேட்டிங் 20-80 ஸ்கேல்ல 35தான் இருக்கு. அவன் நல்லா அடிக்கறான்னு தேர்டு பேஸ்லருந்து அங்க மாத்தி வச்சிருந்தேன்.

ஆனா ஒரு சந்தேகம். 162 ஆட்டம், ஒவ்வொண்ணுக்கும் இப்படி உக்காந்து படிக்கணுமா?


ஃபிப்_மட்டும்:

படிக்க வேண்டாம் ப்ரோ. நைட்கேம் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு இன்னிங்ஸை வச்சு செகண்ட் பேஸ்மேனை மாத்தறது ரொம்ப சின்ன ஆதாரம். அந்த 6-4ல பேட்டர் வேகமான ஆளா இருந்திருக்கலாம், பந்து மெதுவா வந்திருக்கலாம், சிமுலேஷன்ல ஒரு தடவை டைஸ் உருண்டது அவ்வளவுதான்.

2001ல வோரோஸ் மெக்ராக்கன்னு ஒருத்தர் எழுதின ஆய்வுதான் இந்த விஷயத்துல எல்லாத்தையும் புரட்டிப் போட்டுச்சு. ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் இந்த மூணும் பிட்சர் கைல இருக்கு, மைதானத்துக்குள்ள அடிபட்டு விழற பந்து ஹிட் ஆகுதா அவுட் ஆகுதாங்கறதுல பிட்சருக்கு பிட்சர் வித்தியாசம் நாம நினைக்கறதை விட ரொம்ப கம்மின்னு காட்டினார். பெட்ரோ மார்டினெஸ் 1999ல 2.07 ஈஆர்ஏ, 2000ல 1.74. முதல் வருஷம் உள்ள விழுந்த பந்துல நிறைய ஹிட் போச்சு, அடுத்த வருஷம் ரொம்ப கம்மி. அதே ஆளு, அதே கை. பின்னாடி கொஞ்சம் திருத்தினாங்க, கிரவுண்ட்பால் பிட்சர், நக்கிள்பால் பிட்சர்னு சில பேருக்கு வேற மாதிரி வரும்னு, ஆனா அடிப்படை அப்படியே நிக்குது.

அதனால ஃபிப் பாருங்க, பிட்சர் கைல இருக்கற விஷயத்தை மட்டும் வச்சு போடற ஈஆர்ஏ மாதிரி எண். ஹோம் ரன்னை 13ஆல பெருக்கு, வாக்கையும் ஹிட் பை பிட்சையும் (பந்து பேட்டர் மேல பட்டது) கூட்டி 3ஆல பெருக்கு, ரெண்டையும் சேத்து ஸ்ட்ரைக் அவுட்டை 2ஆல பெருக்கி கழி, வர்றதை இன்னிங்ஸால வகுத்து 3.1 பக்கத்துல ஒரு எண்ணை கூட்டிக்க. லீக்கோட ஈஆர்ஏவுக்கு ஒத்து வரணும்ங்கறதுக்காகத்தான் அந்த கடைசி எண். உங்க பிட்சருக்கு ஈஆர்ஏ 5 இருந்து ஃபிப் 3.6 இருந்தா கவலையே படாதீங்க, கூடவே பாபிப் பாருங்க, மைதானத்துக்குள்ள விழுந்த பந்துல எத்தனை ஹிட்னு. லீக் சராசரி .300 பக்கம் இருக்கும், அவனுக்கு .350 இருந்தா அது நிலைக்காது. சீசனுக்கு நாலஞ்சு தடவை இதை பாத்தா போதும்.


நைட்கேம்:

ஃபிப்_மட்டும், நீங்க சொல்றதுல பாதி எனக்கும் சம்மதம். ஒரு ஆட்டத்து லாக்கை வச்சு ஆள் நல்லவனா கெட்டவனான்னு முடிவு பண்ணக்கூடாது. ஆனா பாபிப் .350ன்னு வந்தா அதோட அடுத்த கேள்வி ஏன்ங்கறது. துரதிர்ஷ்டமா, இல்ல பின்னாடி நிக்கற நாலு பேரும் ஓட்டையா? நம்பர் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும். உங்க செகண்ட் பேஸ்மேன் மோசம்னா எல்லா பிட்சருக்கும் பாபிப் ஏறும், ஒருத்தனுக்கு மட்டும் ஏறாது, அதை டீம் லெவல்ல பாத்து புடிக்கலாம்னு நீங்க சொல்லுவீங்க, சரிதான். ஆனா அது ஜூலைல தெரியும், தம்பிக்கு ஏப்ரல்லயே 34லயும் 4எம்லயும் கிரவுண்ட்பால் சிங்கிளா ஓடிட்டிருக்கறது கண்ணுல பட்டுரும். ரேட்டிங்கும் 35ன்னு பக்கத்துலயே இருக்கு, லாக் அதைப் போய் பாருன்னு விரலை நீட்டினா போதும். மாத்தறதுக்கான ஆதாரம் அந்த ரேட்டிங்தான், அந்த ஒரு வரி இல்ல.

தம்பி, 162ம் படிக்காதீங்க. நான் பண்றது என்னன்னா, ப்ளேயர் பக்கத்துல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரின்னு லிஸ்ட் வரும்ல, அதுல ஸ்டார்ட்டர் கடைசியா போட்ட அஞ்சாறு ஆட்டத்தை பாப்பேன். ஏதாவது உறுத்துனா, உதாரணத்துக்கு ஸ்ட்ரைக் அவுட் குறையாமலே ரன் ஏறியிருந்தா, அந்த ஆட்டத்து லாக்கை திறந்து ரன் போன இன்னிங்ஸை மட்டும் படிப்பேன். சுத்தமா 1-2-3ன்னு முடிஞ்ச இன்னிங்ஸ்ல நேரம் செலவு பண்றதுல அர்த்தமே இல்ல. ஒரு ரன் வித்தியாசத்துல தோத்த ஆட்டத்துல ஏழு, எட்டு, ஒன்பதாவது இன்னிங்ஸ் படிப்பேன், புல்பென்லருந்து யாரு எப்ப வந்தான், இடது கை பேட்டருக்கு எதிரா யாரை விட்டான்னு பாக்கறதுக்கு. புல்பென் ரோல் தப்பா செட் பண்ணியிருக்கறதை இதை விட சீக்கிரமா காட்டற பக்கம் கேம்ல வேற கிடையாது. நம்ம கிட்ட இருக்கறதுலயே நல்ல ரிலீவர் ஒன்பதாவது இன்னிங்ஸுக்காக காத்துக்கிட்டு உக்காந்திருப்பான், ஏழாவதுல பேஸ் லோடு ஆகி இருக்கறப்ப அஞ்சாவது தரத்து ஆளு வந்து ஆட்டத்தை குடுத்துட்டு போவான், அந்த ஒரு பக்கத்தை படிச்சாலே ரத்தம் கொதிக்கும்.


ஸ்கோர்ஷீட்_அக்கா:

நல்ல பேச்சு போயிட்டிருக்கு, நானும் சேந்துக்கறேன். நான் நியூஜெர்சில இருக்கேன், நிஜ ஆட்டத்துக்கு போனாலும் பென்சில் எடுத்துட்டு போய் ஸ்கோர் எழுதற ஆளு. தம்பி கிரிக்கெட்லருந்து வந்தேன்னு சொன்னதால ஒண்ணு சொல்றேன், இந்த பாக்ஸ் ஸ்கோருக்கு அடித்தளம் போட்ட ஹென்றி சாட்விக் இங்கிலாந்துல எக்ஸ்டர்ல 1824ல பொறந்து சின்ன வயசுல ப்ரூக்ளினுக்கு வந்தவர், முதல்ல கிரிக்கெட் ரிப்போர்ட்டர். கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பழக்கத்தைத்தான் பேஸ்பாலுக்கு கொண்டு வந்தார். அதனால உங்களுக்கு அது சுலபமா வந்ததுல ஆச்சரியமே இல்ல.

லாக்ல இருக்கற 78டி, 6எம் மாதிரி கோடெல்லாம் கேம்காரங்க சும்மா உண்டாக்குனது கிடையாது. 1984ல பேஸ்பால் புள்ளிவிவரம் எழுதற பில் ஜேம்ஸ் ப்ராஜெக்ட் ஸ்கோர்ஷீட்னு ஒண்ணு ஆரம்பிச்சு வைச்சார், ரசிகர்களே ஆட்டத்தை வரிவரியா எழுதி சேக்கறது. 1989ல டேவிட் ஸ்மித் ஆரம்பிச்ச ரெட்ரோஷீட் பழைய ஆட்டங்களை அதே மாதிரி தேடித் தேடி எழுதி வச்சிருக்கு, இன்னைக்கும் இலவசமா எடுத்துக்கலாம். மைதானத்தை துண்டு துண்டா பிரிச்ச அந்த படம் ரெட்ரோஷீட்ல அப்படியே இருக்கு, அதை எடுத்து ஸ்க்ரீனுக்கு பக்கத்துல வச்சுக்கோங்க, சீக்கிரமே படம் பாக்காம படிக்க வந்துரும்.

படிக்க பழகறதுக்கு நான் எப்பவும் சொல்ற ஆட்டம் ஒண்ணு இருக்கு, நீங்க பிட்ஸ்பர்க் எடுத்திருக்கீங்கன்னதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. 1959 மே 26, மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியம், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், மில்வாக்கி பிரேவ்ஸ். பிட்ஸ்பர்க்குக்கு பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ். முடிவை மட்டும் பாத்தா 1-0, ஹாடிக்ஸ் தோத்தார். லாக்கை திறந்து மில்வாக்கி பக்கத்தை மட்டும் படிங்க. 12 இன்னிங்ஸ், 36 பேர், ஒருத்தன் கூட பேஸுக்கு வரல. ஒன்பது இன்னிங்ஸ் இல்ல, பன்னெண்டு. எதிர்ல லூ பர்டெட் 12 ஹிட் குடுத்துட்டார், ஒரு வாக் கூட இல்ல, ஒரு ரன்னும் குடுக்கல. பிட்ஸ்பர்க் பக்கம் ஹிட் ஹிட்டா வரும், ரன் மட்டும் வராது, எங்கெங்க டபுள் ப்ளேல மாட்டினாங்க, எங்க ஆளை பேஸ்ல விட்டுட்டு இன்னிங்ஸ் முடிஞ்சுதுன்னு ஒவ்வொண்ணா பாக்கறதே ஒரு பாடம்.

அப்புறம் பதிமூணாவது இன்னிங்ஸ். நாலே வரி. மன்டியா அடிச்ச கிரவுண்டரை தேர்டு பேஸ்மேன் டான் ஹோக் எடுத்து தப்பா எறிஞ்சார், எரர், ஈ5. மேத்யூஸ் சாக்ரிஃபைஸ் பன்ட் (ரன்னரை நகத்த தான் அவுட்டாகி பந்தை மெதுவா தட்டறது), ரன்னர் செகண்டுக்கு. ஹாங்க் ஆரனுக்கு வேணும்னே வாக். அடுத்து ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு வெளிய அடிச்சார். வேலிக்கு வெளிய போன பந்துக்கு லாக்ல ஹோம் ரன் இருக்காது, டபுள்னு இருக்கும், ரன் மூணு ஏறாம ஒண்ணுதான் ஏறியிருக்கும். ஏன்னா பந்து தாண்டுனது தெரியாம ஆரன் செகண்ட் பேஸை தொட்டுட்டு பாதையை விட்டு விலகி நடந்துட்டார், பின்னாடி ஓடி வந்த ஆட்காக் அவரை தாண்டிட்டார். கடைசில லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் அதை டபுள்னு, 1-0ன்னு முடிவு பண்ணார். 1991ல நோ ஹிட்டருக்கான (ஒரு ஹிட் கூட குடுக்காத ஆட்டம்) விதியை இறுக்கினப்ப ஹாடிக்ஸோட ஆட்டம் அந்த லிஸ்ட்லருந்தே போயிருச்சு. பதிமூணாவதுல ஒரு ஹிட் போச்சுங்கறதால.

அந்த 36 அவுட்டையும் ஒண்ணொண்ணா படிச்சுட்டு ஈ5ங்கற வரிக்கு வந்து நின்னு பாருங்க தம்பி. எரருங்கறது ஒரு சின்ன எழுத்து, அது யாரோட ராத்திரியை எடுத்துக்கிட்டு போச்சுன்னு அப்பதான் தெரியும். எனக்கு இன்னைக்கும் மனசு கனத்துரும்.

ஒரு விஷயம், அந்தக் காலத்து ஆட்டங்களுக்கு பந்து வாரியா கவுண்ட் பெரும்பாலும் இருக்காது, ப்ளே மட்டும்தான் இருக்கும். பந்து வாரியா வேணும்னா 1988க்கு அப்புறம் வந்த ஆட்டங்களை எடுங்க.


ஃபிப்_மட்டும்:

அக்கா அந்த ஆட்டத்தை நான் ஈஆர்ஏ கணக்குலதான் பாத்திருந்தேன், பதிமூணாவதுல போனது அன்ஏர்ண்டு ரன். இப்படி வரிவரியா பாத்ததில்ல, இன்னைக்கே எடுக்கறேன்.

ஆனா நைட்கேமுக்கு ஒரு கேள்வி. நிஜ ஆட்டத்துல ஒரு வரிக்குப் பின்னால நிஜமா ஒண்ணு நடந்திருக்கு. சிமுலேஷன்ல 8எஸ், 68 மைல்ங்கறது முடிவுக்கு மேல ஒட்டுன அலங்காரமா இருந்தா அதை படிச்சு என்ன தெரிஞ்சுக்க முடியும்?


நைட்கேம்:

நியாயமான கேள்வி. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் எடுத்துக்கோங்க, ஹால் ரிச்மன் 1961ல விக்க ஆரம்பிச்ச போர்டு கேம், டைஸும் கார்டும். மூணு டைஸ் உருட்டுவோம். முதல் டைஸ்ல 1, 2, 3 வந்தா பேட்டர் கார்டை பாக்கணும், 4, 5, 6 வந்தா பிட்சர் கார்டை. மத்த ரெண்டையும் கூட்டி வர்ற எண் கார்டுல எந்த வரின்னு சொல்லும். சில வரி நேரா முடிவை சொல்லாம ஃபீல்டர்கிட்ட தள்ளிவிடும், அப்ப 20 பக்க டைஸ் உருட்டி அந்த ஃபீல்டரோட 1லருந்து 5 வரைக்கும் இருக்கற ரேட்டிங்கை வச்சு சார்ட்ல பாக்கணும். அங்க ஒரு ஹிட் யாரால வந்துச்சுன்னு டைஸே சொல்லிரும், பேட்டராலயா, பிட்சராலயா, ஃபீல்டராலயா. விளையாடறவன் அதை கண்ணால பாக்கறான். கம்ப்யூட்டர் கேம்ல டைஸ் மறைஞ்சிருக்கு. ஆனா ரேட்டிங் உள்ள வேலை செய்யுது, அதோட தடம் லாக்ல விழுது. கிரவுண்ட்பால் பிட்சருக்கு லாக் முழுக்க 6எம், 4எம், 56ன்னு நிறையும், ஃப்ளைபால் பிட்சருக்கு 8டி, 7டின்னு வரும். அதை பாத்துட்டு அவன் பின்னாடி யாரை நிறுத்தறதுன்னு யோசிக்கறது எனக்கு உபயோகமாத்தான் இருக்கு. ஒரு தனி பந்தோட மைல் கணக்கை வச்சு சண்டை போடறது வேண்டாம், அதுல உங்க பக்கம்தான் நானும்.


டக்அவுட்தம்பி:

எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு தனியா. ஹாடிக்ஸ் ஆட்டத்தை எடுத்து வச்சிருக்கேன், ராத்திரி படிக்கறேன். செகண்ட் பேஸ்ல வேற ஒருத்தனை போட்டாச்சு, பழைய ஆளை தேர்டுக்கே அனுப்பிட்டேன், பிட்சரை தொடல.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. நேத்து ராத்திரி நாலஞ்சு லாக் வரிசையா படிச்சதுல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. என் டீம் பேட்டிங் பண்றப்ப முதல் ஆளு ஃபர்ஸ்டுக்கு வந்தாலே அடுத்தவன் சாக்ரிஃபைஸ் பன்ட் போட்டுடறான், ரெண்டாவது இன்னிங்ஸ்லயே கூட. நல்லா அடிக்கற ஆளும் போடறான். இது சரியா?


நைட்கேம்:

இதைத்தான் லாக்ல கண்டுபிடிக்கணும், சூப்பர். சரியில்ல. நிஜ எம்எல்பி ஆட்டங்களை வருஷக் கணக்குல கூட்டிப் பாத்த ரன் எக்ஸ்பெக்டன்சி டேபிள் இருக்கு. அவுட் இல்லாம ஃபர்ஸ்ட்ல ஆளு இருந்தா அந்த இன்னிங்ஸ்ல சராசரியா 0.85லருந்து 0.95 ரன் வரைக்கும் வரும், எந்தக் காலத்தை எடுக்கறீங்கங்கறதை பொறுத்து. ஒரு அவுட்டோட செகண்ட்ல ஆளுன்னா 0.65லருந்து 0.72தான். பன்ட் நல்லபடியா விழுந்தாலே இவ்வளவு நஷ்டம், விழாம போனா இன்னும் மோசம். ஒரே ஒரு ரன் போதும்னு இருக்கற கடைசி இன்னிங்ஸ்ல, அடிக்கவே வராத ஆளு நிக்கறப்ப மட்டும் யோசிக்கலாம்.

டீம் ஸ்ட்ராடஜி பக்கத்துல சாக்ரிஃபைஸ் பன்ட்டுக்கு தனி ஸ்லைடர் இருக்கு, இடது பக்கம் நல்லா தள்ளி வைங்க. அதோட ஒவ்வொரு ப்ளேயருக்கும் தனியா ஸ்ட்ராடஜி போட்டிருந்தா அது டீம் செட்டிங்கை மீறிடும், அந்த நல்லா அடிக்கற ஆளோட பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாத்துருங்க. மாத்திட்டு ஒரு பத்து ஆட்டம் ஓட்டி, மறுபடி எங்கயாவது பன்ட் வந்தா அந்த இன்னிங்ஸை இங்கயே போடுங்க.